பஞ்சர் கடைக் காற்று ஸ்கூபா சிலிண்டருக்கு ஆகாது

கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுக்க, நீருக்கடியில் மூச்சுவிடக் காற்றடைத்துக் கொண்டுபோகும் ஸ்கூபா சிலிண்டரைப் பஞ்சர் கடையிலேயே நிரப்பிக்கொள்ளலாம் என்றொரு வாட்ஸ்அப் தகவல் தருமபுரி, பென்னாகரம் பக்கம் சுற்றுகிறது. தவறு.

லாரி டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் தருவது சுமார் 10 பார் அழுத்தம். ஸ்கூபா சிலிண்டருக்கு வேண்டியது சுமார் 200 பார். அழுத்தம் கிடக்கட்டும், பெரிய ஆபத்து காற்றின் தரத்தில்தான். சாதாரணக் கம்ப்ரசரில் எண்ணெய் ஆவி கலக்கும். டீசல் எஞ்சினில் ஓடினால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் உள்ளே போகலாம்; அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. சுவாசக் காற்றுக்கென வடிகட்டி உள்ள உயரழுத்தக் கம்ப்ரசரில், உறிஞ்சுகுழாயைப் புகை எட்டாத இடத்தில் வைத்து, சிலிண்டர் சூடேறாதபடி மெதுவாக நிரப்ப வேண்டும்.

வெல்டிங் ஆக்சிஜன் போதுமே என்பவர்களும் உண்டு. அது இன்னும் மோசம்: தூய ஆக்சிஜன் 6 மீட்டருக்குக் கீழே வலிப்பை உண்டாக்கக்கூடும். நம் பக்கத்துக் கிணறுகள் பலவும் அதைவிட ஆழமானவை.