ஸ்வாம்பெர்ட்டை மின்சாரம் தாக்குமா?

"நீர் வகைப் போகிமான் எதுவானாலும் பிகாச்சுவின் மின்சாரத்தில் கருகிவிடும்" என்ற வாட்ஸ்அப் படம் கடலூர்ப் பிள்ளைகளிடையே சுற்றுகிறது. போகிமான் என்பவை வீடியோ விளையாட்டில் சண்டையிடும் கற்பனை உயிரினங்கள்; பிகாச்சு அவற்றில் மின்சார வகை. நேற்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுண்டல் ஆறிப்போகும்வரை இதற்காகச் சண்டை போட்டார்கள். தகவல் தவறு.

2002இல் வந்த ரூபி, சஃபையர் என்ற போகிமான் விளையாட்டுகளில் அறிமுகமான ஸ்வாம்பெர்ட், நீரும் நிலமும் கலந்த இரட்டை வகை. மின்தாக்குதல் நீருக்கு 2 மடங்கு, நிலத்துக்கு 0. இரண்டையும் பெருக்க வேண்டும், விடை 0. கூட்டிப் பார்த்தவர்கள்தான் ஏமாந்தார்கள். கியாரடோஸ் என்ற போகிமான் நீரும் பறத்தலும் சேர்ந்தது; பறத்தலுக்கும் 2 மடங்கு, ஆகவே 4 மடங்கு அடி வாங்கும். படம் தயாரித்தவர் அதை மட்டும் பார்த்துவிட்டுப் பொதுவிதி எழுதியிருப்பார் போலும்!

ஒரு விலக்கு உண்டு. 'ரிங் டார்கெட்' என்ற பொருளை ஸ்வாம்பெர்ட் வைத்திருந்தால் நிலத்தின் காப்பு நீங்கி, 2 மடங்கு அடி விழும்.