கயிற்றுக்கட்டில் படம் பற்றி, கடைசியாக ஒருமுறை

செவ்வாய்க்கிழமை நான் போட்ட படத்துக்கு என்ன நடந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் தேட வேண்டாம். வேலை செய்து செய்தே ஓய்ந்துபோகிற பர்ன்அவுட் வந்து, விடுப்பில் அம்மா வீட்டில் இருக்கிறேன். படத்தில் ஒன்றுமே இல்லை. அம்மா வீட்டு வேப்பமரம், கயிற்றுக்கட்டில், அதில் நீட்டிய என் கால்கள். "இருபத்தாறாவது நாள். இன்று பசித்தது" என்று எழுதியிருந்தேன். அதை ஊரறிந்த ஓர் அண்ணன் எடுத்துப் போட்டு, "பேங்க் ஆபீசர் மேடத்துக்குச் சோர்வாம். நம்ம அம்மாக்களுக்கெல்லாம் இந்த பர்ன்அவுட் வந்ததா?" என்று கேட்க, கீழே ஆயிரத்துச் சொச்சம் சிரிப்புப் பொம்மைகள்.

சிரிக்கட்டும். என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களே பதினேழு பேர் சிரித்திருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன். ஓய்வில்தானே இருக்கிறேன், எண்ணுவதற்கா நேரமில்லை?

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் படுத்திருந்தேன். படுத்திருந்ததால்தான் தேறினேன். மூச்சுப் பயிற்சியோ, தன்னம்பிக்கை வீடியோவோ, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் மேலிடம் வைத்த மன அழுத்த மேலாண்மை இணைய வகுப்போ தேற்றவில்லை. (அந்த வகுப்புக்கு வருகைப் பதிவு கட்டாயம். வராதவர்கள் விளக்கம் தர வேண்டும். நிஜமாகத்தான் சொல்கிறேன்.)

நான் இருப்பது நகைக்கடன் கவுன்டர். டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்கு வருவார்கள், ஆடியில் சம்பா நாற்றுக்கு வருவார்கள், நடுவில் கல்யாணம், கருமாதி. இந்த வருடம் பிப்ரவரியில் ஒரு பாட்டி தோடு மீட்க வந்தார். வட்டியை மட்டும் கட்டி, ஆறு வருடமாக மாற்றி மாற்றி வைத்த தோடு. கையில் வாங்கியதும் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். முன்பெல்லாம் இப்படி யாராவது அழுதால் எனக்கும் தொண்டை அடைக்கும். அன்று "நகருங்க பாட்டி, பின்னாடி ஆள் நிக்குது" என்றேன். சொன்னதுகூடப் பரவாயில்லை. உள்ளே ஒன்றுமே அசையவில்லை. நகையை மதிப்பிடும் அப்ரைசர்தான் எழுந்துபோய் அவரை பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

அதற்கு அடுத்த வாரம் ஒரே சங்கிலியை மூன்று முறை எடை போட்டேன். மூன்று முறையும் எடை மனதில் நிற்கவில்லை. அப்புறம் ஒரு நாள் காலை வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடம். வாட்ச்மேன் வந்து, "மேடம், சாவி..." என்றார். ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, அதில் ஒன்று என்னிடம். உள்ளே கிளையே எனக்காகக் காத்திருக்கிறது என்பது மூளைக்குத் தெரிகிறது, கால் இறங்க மறுக்கிறது.

"புதுசு புதுசா நோய் கண்டுபிடிக்கிறாங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, நியூயார்க்கில் இலவச மருத்துவமனையில் வேலை பார்த்த ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் பர்ன்அவுட் என்ற இந்தப் பெயரில் கட்டுரை எழுதியது 1974-ல். நான் அப்போது பிறக்கவே இல்லை. தன் வேலையை முடித்துவிட்டு ராத்திரியில் அங்கே போய்ச் சேவை செய்து, தானே அப்படி ஓய்ந்துபோன மனிதர் அவர். நோய் என்றும் நான் சொல்லவில்லை, உலக சுகாதார நிறுவனமும் சொல்லவில்லை. 2019-ல் அவர்கள் ஏற்றுக்கொண்ட பட்டியலில், வேலையால் வருகிற ஒரு நிலை என்றுதான் இருக்கிறது. தெம்பு வற்றிப்போவது, வேலைமேலேயே ஒரு கசப்பு வந்துவிடுவது, செய்வது எதுவும் உருப்படியாக இல்லை என்று தோன்றுவது, இந்த மூன்றும். பாட்டி, சங்கிலி, ஹெல்மெட். எனக்கு மூன்றும் வந்துவிட்டன.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் "திரி கருகுது" என்பார்கள். எண்ணெய் தீர்ந்த பிறகும் விளக்கு கொஞ்ச நேரம் எரியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதுவும் வெளிச்சம்தான்.

"கொத்தனாரும் சித்தாளும் படுக்கிறாங்களா?" நியாயமான கேள்வி. எனக்கு அரைச் சம்பளத்தோடாவது விடுப்பு இருக்கிறது, அவர்களுக்கு இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதைக் கேட்டவர் சித்தாளுக்கு விடுப்பு வேண்டும் என்று கேட்கவில்லையே, எனக்கு ஏன் என்றுதானே கேட்கிறார்? துணிக்கடையில் நின்றே வேலை செய்பவர்களுக்கு உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்பதற்காக, 2021-ல் நம் சட்டமன்றம் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. உட்காருவதற்கே சட்டம் தேவைப்படுகிற ஊரில் நான் படுத்துவிட்டேன். குற்றம்தான்.

படுத்தது ஒன்றும் சொகுசாக இல்லை. வாசனை மெழுகுவர்த்தி, முகத்துக்கு வெள்ளரிக்காய் எல்லாம் உங்கள் ரீல்ஸில்தான். முதல் பத்து நாள் தூக்கமே வரவில்லை. படுத்தால் டோக்கன் மெஷின் சத்தம் காதில் கேட்கும். குற்ற உணர்ச்சியில் எழுந்து போய் அம்மாவின் பாத்திரங்களைத் தேய்ப்பேன். டாக்டர் ஹீமோகுளோபின் பார்த்தார், தைராய்டு பார்த்தார், மாத்திரை எழுதினார். "வேலையை நிறுத்தாம மாத்திரை மட்டும் கேட்டா எப்படிம்மா?" என்றும் கேட்டார். மூன்றாவது வாரம்தான் பகலில் தூங்கினேன். அப்புறம் ஒரு நாள் அணில் கத்துவதை ரொம்ப நேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. இருபத்தாறாவது நாள் பசித்தது. பழைய சோறும் சுண்டவத்தலும். மாதக்கணக்கில் மணியைப் பார்த்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் படம் போட்டேன்.

சரி, அம்மாக்கள்.

அண்ணனுடைய அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாது. என் அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானமானால் தலைவலி வரும். தலையில் ஈரத்துண்டைக் கட்டி, கோடாலித் தைலம் தேய்த்து, ஜன்னலைச் சாத்திவிட்டு இருட்டில் படுத்துக்கொள்வாள். அந்த இரண்டு மணி நேரம் அப்பாகூடக் கூப்பிட மாட்டார். நாலு மணிக்கு எழுந்து மாடு கறக்கப் போய்விடுவாள். எத்தனை டாக்டர் பார்த்தும் காரணம் தெரியவில்லை. எனக்கு இப்போது தெரிகிறது. "களைப்பாக இருக்கிறது" என்று அவள் சொல்ல முடியாது, "தலை வலிக்கிறது" என்று சொல்லலாம். நோய் வந்தால்தான் படுக்க அனுமதி.

அம்மாக்களுக்கு வரவில்லையாம். வந்ததை யார் பார்த்தது? 2019-ல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண் ஒரு நாளில் அதற்குக் கொடுப்பது சராசரியாக 299 நிமிடம். அதே வேலையில் கைவைக்கும் ஆண் கொடுப்பது 97. அண்ணன் தன் 97 நிமிடத்தை முடித்துவிட்டுத்தான் என் கட்டிலைப் பார்க்க வந்திருப்பார் என்று நம்புகிறேன்.

உங்களுக்கு அம்மாக்கள்மேல் அவ்வளவு அக்கறை என்றால், போய் ஒரு கட்டில் வாங்கிப் போடுங்கள். அடுத்தவள் படுத்திருப்பதைப் பார்க்கும்போது மட்டும் ஏன் அம்மா ஞாபகம் வருகிறது?

கோபத்தில் எழுதிவிட்டேன். இருக்கட்டும், எடுக்கப்போவதில்லை.

பெரிய வேடிக்கை என்னவென்றால், அந்தப் பதிவைச் சித்தப்பா மகன் அம்மாவிடம் காட்டிவிட்டான். அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி சாப்பாடு போடும்போது, "கட்டிலைக் கொல்லைப் பக்கம் போட்டுக்கயேன் பாப்பா, ரோட்டுல போறவங்க கண்ணுல படுது" என்றாள். அந்த ஆயிரம் சிரிப்பும் வலிக்கவில்லை. இது வலித்தது.

கட்டிலை நகர்த்தவில்லை. நேற்று மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டே அதன் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். காலைத் தூக்கி மேலே வை என்றேன். "ஆமா, இதான் குறைச்சல்" என்றாள். வைக்கவில்லை. ஆனால் கீரை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் எழுந்து போகவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போகிறேன். நகைக்கடன் கவுன்டர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம். பதினேழு பேரில் யாரையும் நீக்கவில்லை.