பேனரில் மூன்றாம் வரிசை

போன வாரம் புதுச்சேரியில் இளைஞர்களுக்கான தலைமைப் பண்புப் பயிற்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். ஆளுக்கொரு ஃபைல், பேனா, மதியம் சாம்பார் சாதம். பயிற்சி கொடுத்தவர், "உங்கள் பகுதியின் தலைவர் யார்?" என்று கேட்டார். பாதிப் பேர் எம்.எல்.ஏ. பெயரைச் சொன்னார்கள். இரண்டு பேர் நடிகர் பெயரைச் சொன்னார்கள். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

பிள்ளைகள் மீது தப்பில்லை. புதுவையில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல்தான். அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது, அதோடு சரி. வார்டு உறுப்பினர் என்று ஒருவர் தெருவில் நடந்து போவதைப் பார்த்த நினைவே இல்லாதவர்கள் வேறு யாரைச் சொல்வார்கள்? இத்தனைக்கும் 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடி, இந்தியாவோடு இணைவதா என்று வாக்களித்த 178 பேர் யார்? பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களும்தான். 170 பேர் இணைவோம் என்றார்கள். நாட்டையே முடிவு செய்தவர்களில் இருந்த நகரசபை உறுப்பினருக்கு இன்று நாற்காலி கூட இல்லை.

மாட்டை ஏரில் பூட்டித்தான் பழக்க முடியும். கொட்டிலில் கட்டிவைத்துப் பாடம் எடுத்தால் பழகாது.

என் அக்கா கடலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து ஊராட்சி வார்டு உறுப்பினர் ஆனாள். முதல் ஆறு மாதம் கையெழுத்துதான் அவளுடையது, பேச்செல்லாம் மாமாதான். பிறகு ஒரு கோடையில் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. (எது கடைசித் தெரு என்று நான் சொல்ல வேண்டியதில்லை, எல்லா ஊரிலும் அதே தெருதான்.) டேங்க் ஆபரேட்டரோடு இரண்டு நாள் கூடவே நடந்து, எந்த வால்வு எந்தத் தெருவுக்கு, எத்தனை நிமிடம் என்று மகனின் பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டாள். கிராம சபையில் மோட்டார் பழுது என்று பதில் வந்ததும் நோட்டைப் பிரித்தாள். "மேலத் தெருவுக்கு ஐம்பது நிமிடம். இந்தத் தெருவுக்குப் பன்னிரண்டு. மோட்டார் ஆள் பார்த்தா பழுதாகிறது?" மாமா அப்போது வெளியே நின்று பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எந்தப் பயிற்சி வகுப்பும் அவளுக்கு இதைச் சொல்லித்தரவில்லை. தமிழ்நாட்டிலும் தேனும் பாலும் ஓடவில்லை என்பது வேறு. 2016 முதல் 2019 வரை தேர்தல் இல்லாமல் தனி அலுவலர்கள். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடியும் தனி அலுவலர்கள். அக்காவின் நோட்டு பரண்மேல் கிடக்கிறது.

எங்கள் ஊர் புதுவை எல்லையில் இருக்கிறது. நெல் விளைந்த நிலமெல்லாம் இப்போது ஏதாவதொரு நகர். சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர், ஓய்வு பெற்று வந்தவர் என்று கலவையான குடிகள். ஊர் நாட்டாண்மையின் பேச்சு அவர்களிடம் செல்லாது, அவர்களின் வாட்ஸ்அப் குழு நாட்டாண்மைக்குத் தெரியாது. போன மழையில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் கடப்பாரையோடு வந்தான். அவன் தாத்தா வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். மனை போட்டபோது வாய்க்காலை எங்கே மூடினார்கள் என்று அவனுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. நாட்டாண்மையையும் எழுப்பினான், ஓய்வு பெற்ற பொறியாளரையும் எழுப்பினான். விடிவதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டது.

வார்டுத் தேர்தல் என்று ஒன்று இருந்தால் அவன் பிரசாரம் செய்யாமலே ஜெயிப்பான். பொங்கலுக்குச் சந்தியில் வைத்த வாழ்த்து பேனரில் அவனைப் பார்த்தேன். பிரமுகர் ஒருவரின் முழங்காலுக்குக் கீழே, மூன்றாம் வரிசையில், தபால்தலை அளவில் கைகூப்பி நின்றிருந்தான்.