கால்சியம் மதிப்பெண் சுழியம் என்றால் அடைப்பே இல்லையா?

"சிடி ஸ்கேனில் கால்சியம் மதிப்பெண் சுழியமா? இதயத்தில் அடைப்பே இல்லை. நெஞ்சு வலித்தாலும் அது வாயுதான்." மலேசியாவில், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் பெரியம்மா நெஞ்சைத் தடவிக்கொண்டே இந்த வாட்ஸ்அப் செய்தியை எனக்குக் காட்டினார். பதறிப்போனேன். செய்தி தவறு.

அந்த ஸ்கேன் கணக்கிடுவது இதயத் தமனிகளில் சுண்ணாம்பாக இறுகிய படிவை மட்டுமே. 1990இல் மருத்துவர் அகாட்ஸ்டன் குழுவினர் வகுத்த முறையில், 130 ஹௌன்ஸ்ஃபீல்ட் அலகை (சிடி படத்தில் அடர்த்தியைக் குறிக்கும் அளவு) எட்டும் வெள்ளைப் புள்ளிகளுக்கே மதிப்பெண். இறுகாத கொழுப்புப் படிவு அதில் சேராது. அது வெடித்து இரத்தம் உறைந்தாலும் மாரடைப்புதான். அறிகுறி இல்லாதவருக்குச் சுழியம் நல்ல செய்தி, மறுக்கவில்லை. வலியோடு இருப்பவருக்கு அது போதாது.

தமனியின் உட்புறத்தைக் காட்டுவது சிடி ஆஞ்சியோகிராம். கையின் இரத்தக்குழாயில் அயோடின் சாயம் ஏற்றுவார்கள். உடம்பெங்கும் ஒரு சூடு பரவி, சற்று நேரத்தில் அடங்கிவிடும். துடிப்பு வேகமாக இருந்தால் மாத்திரை கொடுத்து நிமிடத்துக்கு 60 அளவுக்குக் குறைப்பார்கள், படம் கலங்காமல் இருக்க.

நெஞ்சை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால், பழைய அறிக்கையைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். மலேசியாவின் அவசர எண் 999ஐ அழையுங்கள்.