'யு.எஸ்.' முத்திரை மட்டும் போதாது

கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வர் என்ற பழைய அமெரிக்கக் கைத்துப்பாக்கியின் உலோகச் சட்டகத்தில் 'யு.எஸ்.' என்ற முத்திரை இருந்தாலே அது அமெரிக்க ராணுவத்துக்குப் போனதுதான் என்று ஒரு கருத்து பரவுகிறது. அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. 1873 முதல் 1891 வரை ராணுவம் வாங்கியவை சுமார் 37,000. பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களிடம் அவற்றுக்கு விலை அதிகம் என்பதால், சாதாரண விற்பனைக்குப் போனவற்றிலும் பின்னாளில் இந்த எழுத்துகளை அடித்திருக்கிறார்கள்.

குண்டு இல்லையென்று உறுதிசெய்துவிட்டு, பூதக்கண்ணாடியால் எழுத்தின் விளிம்பைப் பாருங்கள். தொழிற்சாலையில் முத்திரை அடித்த பிறகுதான் மெருகேற்றினார்கள். ஆகவே அடித்தபோது பிதுங்கிய உலோகம் தேய்ந்து சமமாகியிருக்கும். விளிம்பு விரலில் தட்டுப்பட்டாலோ, எழுத்தின் குழி மட்டும் புதிதாகப் பளிச்சென்று தெரிந்தாலோ சந்தேகப்படுங்கள். துப்பாக்கி முழுவதையும் யாராவது மறுபடி மெருகேற்றியிருந்தால் இந்தத் தடயமும் அழிந்துவிடும், அதனால் இதோடு நிறுத்திவிடாதீர்கள்.

வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், கோல்ட் நிறுவனத்தின் ஆவணக் காப்பகம் பழைய பேரேட்டைப் பார்த்து, அது எப்போது, யாருக்கு அனுப்பப்பட்டது என்று கடிதம் தருகிறது. அதில் தனியார் வியாபாரியின் பெயர் வந்தால் முத்திரையை வைத்து விலை பேசாதீர்கள். விற்பவர் காட்டும் நகலை நம்பாமல், தயவுசெய்து நீங்களே நேரடியாகக் கேட்டு வாங்குங்கள்.