காசில்லாதவர்கள் பூனைக்குட்டியைத் தூக்கக் கூடாதா?

தெருவில் கிடக்கும் பூனைக்குட்டியை யார் தூக்குகிறார்கள் என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். காரில் போகிறவர்கள் கண்ணில் அது படுவதே இல்லை. ஏடிஎம் வாசலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டி அண்ணன், கோயில் வாசலில் பூ கட்டும் அக்கா, டீக்கடையில் கிளாஸ் கழுவும் பையன், ஸ்கூல் விட்டு நடந்து வரும் பிள்ளைகள், என்னை மாதிரி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், இவர்கள்தான். மாசக் கடைசியில் பர்ஸைத் திறக்கவே யோசிக்கிற கூட்டம்.

அவர்களில் ஒருவர் "குட்டிக்கு உடம்பு சரியில்லை, யாராவது உதவுங்களேன்" என்று பதிவு போட்டால் போதும், கீழே முதல் ஆளாக ஒருவர் வந்துவிடுவார்: "செலவு பண்ண வசதி இல்லைன்னா எதுக்குங்க தூக்கிட்டு வர்றீங்க?" போன வாரம் எனக்கும் வந்தது. எனக்குத் தெரிந்த பதிலைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூரில் வாடகை வீடு, மருந்துக்கடையில் பில் போடும் வேலை. எடுத்து வந்த குட்டி கறுப்பு வெள்ளை, பக்கத்து வீட்டு அக்கா பையன் அதற்கு பஜ்ஜி என்று பெயர் வைத்துவிட்டான். கண் இரண்டும் சீழ் பிடித்து ஒட்டியிருந்தது, மூக்கு ஒழுகியது, வயிறு மட்டும் பானை போல உப்பியிருந்தது, உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி. தூக்கும்போது என் கையில் பெரிய பணம் எதுவும் இல்லை. தூக்கியது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். தூக்காமல் விட்டிருந்தால் அடுத்ததாக ஒரு பணக்காரர் வந்து தூக்கியிருப்பார் என்று யாராவது நினைத்தால், அந்தத் தெருவை அவர் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண் திறக்காத, சுத்தமான, வயிறு நிறைந்த குட்டிகள் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தால் கை வைக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும். தூரமாக நின்று சில மணி நேரம் பாருங்கள். அந்த வயதுக் குட்டிக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை பால் புகட்ட வேண்டும், ஒன்றுக்கு இரண்டுக்குப் போகவே ஈரத்துணியால் துடைத்துத் தூண்டிவிட வேண்டும். அதையெல்லாம் தாயைவிடச் சரியாக நம்மால் செய்ய முடியாது. நான் பேசுவது கவனிக்க ஆளில்லாமல் நோயில் கிடக்கும் குட்டியைப் பற்றி.

நம் ஊரில் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான், ஒரு மூடியில் பாக்கெட் பாலை ஊற்றி வைப்பது. மனசு நல்ல மனசுதான். ஆனால் பசும்பாலில் உள்ள சர்க்கரை பல பூனைகளுக்குச் செரிக்காது, வயிற்றால் போகும். ஏற்கெனவே தண்ணீர்ச் சத்து இல்லாமல் கிடக்கிற குட்டிக்கு வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் ஒரே ராத்திரிதான்.

முதலில் தர வேண்டியது சூடு. உடம்பு சில்லிட்ட குட்டிக்குச் செரிமானம் நடக்காது, அதன் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குப் போகத்தான் வாய்ப்பு அதிகம். வெந்நீர் ஊற்றிய பாட்டிலைப் பழைய லுங்கியில் சுற்றி, மளிகைக்கடையில் வாங்கிய அட்டைப்பெட்டியில் ஒரு பக்கமாக வைக்க வேண்டும், சூடு அதிகமானால் குட்டி தள்ளிப் போய்ப் படுக்க மறுபக்கம் காலியாக இருக்கட்டும். இதற்கெல்லாம் என்ன செலவு? உடம்பு சூடான பிறகுதான் சாப்பாடு. அதையும் கைக்குழந்தை மாதிரி மல்லாத்திப் போட்டுப் புகட்டக் கூடாது. நான்கு காலும் தரையில் இருக்கட்டும், ஊசி கழற்றிய சிரிஞ்சில் வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக.

அடுத்தது டாக்டர். என் வாதமே இங்கேதான் இருக்கிறது. கையில் காசு கம்மியாக இருப்பவர்கள் டாக்டரைக் கடைசியில் வைத்துக்கொள்கிறோம். முதலில் கைவைத்தியம், அப்புறம் யூடியூப், அப்புறம் தெரிந்தவர் சொன்ன சொட்டு மருந்து, எல்லாம் முடிந்து குட்டி தலை தூக்க முடியாமல் படுத்த பிறகு ஆட்டோ பிடித்து ஓடுவது. அந்த நிலைமையில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டிரிப்ஸ், ஊசி, அட்மிஷன் என்று பில் ஏறத்தான் செய்யும். முதல் நாளே போயிருந்தால் வயிற்றுப் பூச்சிக்கு ஒரு மருந்தும் கண்ணுக்கு ஒரு மருந்தும் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். வசதியுள்ளவர் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம், அவருக்கு அதற்கப்புறமும் வழி இருக்கிறது. நமக்கு இல்லை, அதனால் நாம்தான் முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி இருக்கிறது. 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, அதன் ஆஸ்பத்திரி. காலையிலேயே போய் சீட்டுப் போட்டுவிட வேண்டும், கூட்டம் இருக்கும், பொறுமை வேண்டும். ஆனால் கட்டணம் தனியார் கிளினிக்கோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. வரிசையில் எனக்கு முன்னால் ஏசி காரில் வந்த லாப்ரடார், பின்னால் கோணிப்பையில் ஒரு ஆடு, அதற்கும் பின்னால் கூண்டில் கிளி. டாக்டர் மலவாயில் தெர்மாமீட்டர் வைத்தார், ஈறின் நிறம் பார்த்தார், எடை போட்டார், முதுகுத் தோலைக் கிள்ளி விட்டு அது எவ்வளவு சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று பார்த்தார், மெதுவாகத் திரும்பினால் உடம்பில் தண்ணீர் இல்லை என்று அர்த்தமாம். தோலுக்கடியில் சலைன் ஏற்றினார்கள், பஜ்ஜி கொஞ்ச நேரம் ஒட்டகம் மாதிரி திமிலோடு உட்கார்ந்திருந்தது. சுற்றி நின்ற மாணவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள், அதில் எனக்கும் பாதிப் பாடம் நடந்தது. மற்ற ஊர்களில் இருப்பவர்கள் பக்கத்தில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். மாட்டு டாக்டர்தானே, பூனையை என்ன பார்ப்பார் என்று நீங்களே முடிவு கட்டிக்கொள்ளாதீர்கள்.

தனியார் கிளினிக்கைத் திட்டுவது என் நோக்கமில்லை. ஆனால் இதற்கு முன்னால் வேறொரு குட்டியோடு ஓரிடத்துக்குப் போனபோது, தொட்டுப் பார்க்கும் முன்பே ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், வெளிநாட்டு டின் உணவு என்று பட்டியல் வந்தது. இப்போதெல்லாம் உள்ளே போனவுடனே, "சார், என்கிட்ட இவ்வளவுதான் இருக்கு, இதுக்குள்ள எது ரொம்ப அவசியம்னு சொல்லுங்க" என்று கேட்டுவிடுகிறேன். கூச்சமாகத்தான் இருக்கும். நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, எதை இன்றைக்குச் செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம் என்று பிரித்துச் சொல்வார்கள்.

இனி என் கடை அனுபவம். "குழந்தைக்கு ஜுரம், பாராசிட்டமால் சொட்டு மருந்து கொடுங்க" என்பார்கள். எத்தனை வயது, எத்தனை கிலோ என்று கேட்டால் முழிப்பார்கள், அப்புறம்தான் அது பூனைக்குட்டி என்று தெரியவரும். பூனையின் இயல்பான உடல் சூடே 100.5-லிருந்து 102.5 டிகிரி பாரன்ஹீட், நம் கைக்கு அது ஜுரம் மாதிரிதான் தெரியும். ஜுரமே இல்லாத குட்டிக்கு இவர்கள் பாராசிட்டமாலை ஊற்றுவார்கள். அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குப் போதிய அளவு கிடையாது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பேறி, மூச்சு வாங்கிச் செத்துவிடும். ஒரு சின்ன அளவே போதும். இதைப் படிக்கிற நூறு பேரில் ஒருவர் ஞாபகம் வைத்துக்கொண்டாலும் இவ்வளவு நீளத்துக்கு டைப் அடித்தது வீணில்லை.

நாய்க்குப் போடும் உண்ணி மருந்தும் அப்படித்தான். அதில் பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும். தெள்ளுப்பூச்சிக்கு டெட்டால் போட்டுக் குளிப்பாட்டுவது, வேப்பெண்ணெய் தடவுவது, கற்பூரம் கரைத்துப் பூசுவது எதுவும் வேண்டாம், பூனை தன்னை நக்கியே சுத்தம் செய்துகொள்ளும் பிராணி, தோலில் பூசியதெல்லாம் வயிற்றுக்குப் போகும். பேன் சீப்பு போதும். சீவிச் சீவி, பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் முக்கிவிட வேண்டும். பொழுது போகாத ஞாயிற்றுக்கிழமைக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. ஆனால் அலட்சியமாக விடவும் கூடாது, தெள்ளு ரத்தம் குடித்தே சின்னக் குட்டிகள் சோகை பிடித்துச் சாகும்.

கண்ணுக்கு ஆறவைத்த வெந்நீரில் நனைத்த பஞ்சு, ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு, மூக்கிலிருந்து வெளிப்பக்கமாக. வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர்களின் சொட்டு மருந்தைப் போடாதீர்கள், சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், கருவிழியில் புண் இருந்தால் பார்வையே போய்விடும். சளி பிடித்த குட்டி சாப்பிடாததற்குக் காரணம் பெரும்பாலும் வாசனை தெரியாததுதான். மூக்கைத் துடைத்துவிட்டு, சாப்பாட்டை லேசாகச் சூடு பண்ணி வைத்தால் வாசனை தூக்கலாக வரும், சாப்பிடும். ஈரமான பாக்கெட் உணவு வாங்குவதென்றால் இந்த நாட்களில் வாங்குங்கள், தேறிய பிறகு தேவையில்லை.

தேறிய பிறகு என்ன போடுவது? உப்பில்லாமல் வேகவைத்த கோழி, முள் எடுத்த மத்தி அல்லது நெத்திலி, கூடக் கொஞ்சம் சோறு. வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு கூடாது. கோழிக்கடையில் ஈரல் மலிவு, அதற்காக தினமும் ஈரலே போடக் கூடாது. "எங்க வீட்டுப் பூனை தயிர்சாதம் தின்னே பத்து வருஷம் இருந்துச்சே" என்பார் அம்மா. இருந்திருக்கும்மா, அது வெளியே போய் எலியும் பல்லியும் பிடித்தது உனக்குத் தெரியாது. டாரின் என்று ஒரு சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது, அது கிடைக்காவிட்டால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெட்டுப்போகும். அறைக்குள் அடைத்து வைத்திருக்கும் குட்டிக்குப் பல்லிக்கு எங்கே போக?

ஒரே ஒரு பொருளுக்குக் காசு செலவு பண்ணலாம் என்றால் அது சமையலறைத் தராசு. மேல் வீட்டில் மசாலாப் பொடி அரைத்து விற்கும் அக்காவிடம் இருந்தது, கேட்டதும் கொடுத்தார். தினமும் ஒரே நேரத்தில் எடை போட வேண்டும். வளரும் குட்டி வாரத்துக்கு நூறு கிராம் அளவு ஏறும். கண்ணுக்குச் சுறுசுறுப்பாகத் தெரிந்தாலும் எடை நின்றுவிட்டாலோ இறங்கினாலோ உள்ளே ஏதோ சரியில்லை. நாம் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வதற்கு முன்பே தராசு சொல்லிவிடும். பஜ்ஜியின் பானை வயிறு கொழுப்பு இல்லை, உருண்டைப் புழு. பூச்சி மருந்து கொடுத்ததும் வெளியே வந்ததை இங்கே விவரிக்க மாட்டேன், சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் இருப்பீர்கள்.

அப்புறம் உங்களுக்கு. குட்டி கீறினாலோ கடித்தாலோ உடனே குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநாய்க்கடி ஊசி இலவசம். குட்டிதானே, பல்லே முளைக்கவில்லையே என்று சொல்லிக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். அந்த நோய் வந்தால் மருந்து கிடையாது.

எல்லாக் குட்டியும் பிழைக்காது. பான்லூக்கோபீனியா என்று ஒரு வைரஸ் நோய் இருக்கிறது, நாய்க்குட்டிகளுக்கு வரும் பார்வோ என்கிற வைரஸ் நோய்க்கு நெருங்கிய சொந்தம். வாந்தி, பேதி, குட்டி தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும், குடிக்காது. தடுப்பூசி போடாத சின்னக் குட்டிகள் பெரும்பாலும் தப்புவதில்லை. கிருமி வீட்டுத் தரையில் ஒரு வருஷம்கூட இருக்கும், பினாயிலுக்கு அசையாது, பிளீச்சிங் கரைசலில்தான் துடைக்க வேண்டும். அதனால்தான் புதுக் குட்டியை வீட்டில் உள்ள பூனைகளோடு சேர்க்காமல் பாத்ரூமிலாவது தனியாக வைக்கச் சொல்கிறார்கள். இந்த மாதிரி நேரத்தில் எவ்வளவு வரைக்கும் செலவு செய்வது என்பதை முன்கூட்டியே யோசித்து வைப்பது கல்நெஞ்சு இல்லை. வீட்டு வாடகையை எடுத்துக் கொடுத்துவிட்டு மூன்று மாசம் கடனில் திணறும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பிழைக்க வழியில்லை என்று டாக்டரே சொல்லும்போது வலியில்லாமல் போக ஊசி போடச் சம்மதிப்பதும் பாவமில்லை என்பது என் கருத்து. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

"ஐயோ பாவம்" என்று அழுகிற பொம்மை போட்டுவிட்டுப் போகிறவர்களிடம் எனக்குக் கோபமில்லை. ஆனால் பில்லை நேரடியாக மருந்துக்கடையில் கட்டுகிறவர், ஆஸ்பத்திரி வரிசையில் அரை மணி நேரம் மாற்றி நிற்கிறவர், கூண்டு கடன் கொடுக்கிறவர், இவர்கள்தான் குட்டியைப் பிழைக்க வைக்கிறார்கள். "வசதி இல்லைன்னா எதுக்கு" என்று கேட்ட நண்பரே, உங்களுக்கு வசதி இருக்கிறதுதானே?

பஜ்ஜிக்கு இப்போது கண் தெளிவாகத் திறந்துவிட்டது. இடது கண்ணில் ஒரு வெள்ளைத் தழும்பு தங்கிவிட்டது, அது போகாது என்றார்கள். முதல் தடுப்பூசி போட்டாயிற்று, மூன்று நான்கு வாரத்தில் அடுத்தது. பெண் குட்டி, நாலைந்து மாசத்திலேயே சினை பிடித்துவிடும் என்பதால் கருத்தடை ஆபரேஷனுக்கு இப்போதிருந்தே ஒரு டப்பாவில் காசு போட்டு வருகிறேன். ஹவுஸ் ஓனருக்கு இன்னும் சொல்லவில்லை. தடுப்பூசிக்குக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனால் இந்தத் தடவை நிச்சயம் எகிறிக் குதிக்கும். பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி பக்கம் யாரிடமாவது பூனை எடுத்துப்போகும் கூண்டு சும்மா கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், ஒரு நாளில் கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.