பெட்டியடியில் தொடங்கிய படிப்பு

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு கோடை விடுமுறையில் வணிகப் பயிற்சி என்ற கட்டுரையைப் படித்தேன். நல்ல முயற்சிதான். ஆனால் 'நம் ஊருக்கு இது புதுசு' என்று எழுதியிருப்பதுதான் இடிக்கிறது. எங்கள் ஐயா பதின்மூன்று வயதில் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போனவர். முதல் வேலை பெட்டியடிப் பையன். கடையைக் கூட்டி, முதலாளி சொன்ன இடத்துக்கு ஓடி, இரவில் அன்றாடக் கணக்கான சிட்டையைப் பேரேட்டில் ஏற்றி, அப்புறம்தான் அடுத்தாள் என்ற அடுத்த படி. பழைய பின்னக் கணக்கில் மாகாணி 1/16, முந்திரி 1/320 எல்லாம் மனப்பாடம். ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) ஒத்துப்போகாத இரவில் சோறு இறங்காது என்பார்.

போன மே மாதம் என் மகளும் இப்படி ஒரு முகாமுக்குப் போனாள். பத்து நாளும் பவர்பாயிண்ட்! லாபத்துக்கும் கையிருப்புக்கும் வித்தியாசம் கேட்டேன், முழித்தாள். (பணத்தைக் கட்டியவன் நான், அதுவும் ஒரு பாடம்.)

பிள்ளைகளைத் தரைக்கல் செய்யும் ஆத்தங்குடிக்குக் கூட்டிப் போங்கள். கண்ணாடி மேல் சாயம் ஊற்றிச் செய்யும் அந்தக் கல்லுக்குச் சூளை கிடையாது. சிமெண்ட், மணல், கூலி, காயவிடும் நாள், உடைசல் எல்லாம் சேர்த்து ஒரு கல் என்ன விலை விழும் என்று அவர்களே கணக்குப் போடட்டும். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதனால் தறிக்காரருக்கு விலை கூடியதா என்று நேரில் கேட்டு வரட்டும்.

கட்டணம் எவ்வளவு என்று கட்டுரையில் இல்லையே?